அனுமதியா, மறுப்பா: இங்கிலாந்தின் திட்டமிடல் குழுக்கள் முடிவெடுக்கும் விதம்

2021 பிப்ரவரி 23 அன்று, மெர்சி ஆற்றங்கரையில் எவர்டன் கால்பந்துக் கழகம் புதிய அரங்கம் கட்டுவதற்கு லிவர்பூல் மாநகர கவுன்சிலின் திட்டமிடல் குழு ஒருமனதாக அனுமதி அளித்தது. அரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த இடம், 1848இல் திறக்கப்பட்ட பிராம்லி மூர் டாக் என்ற கப்பல்துறை. அதன் நீர்ப்பரப்பைத் தூர்த்தால்தான் சுமார் 53,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தை அங்கே எழுப்ப முடியும். பாரம்பரியக் கட்டடங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு இதை எதிர்த்தது. அந்தத் துறைமுகப் பகுதியை 2004இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்திருந்த யுனெஸ்கோவும் எச்சரித்தது. விண்ணப்பத்தைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்தும், அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று மார்ச் மாத இறுதியில் அது தெரிவித்துவிட்டது. ஜூலை 21 அன்று, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு 13க்கு 5 என்ற வாக்கு வித்தியாசத்தில் லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஓமன் நாட்டின் அரேபிய ஓரிக்ஸ் சரணாலயத்துக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்குக்கும் அடுத்தபடியாக அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது.

நீக்கத்துக்கு அரங்கம் மட்டுமே காரணம் அல்ல. அதே கரையில் உயர்ந்த கட்டடங்களைக் கொண்டுவரும் லிவர்பூல் வாட்டர்ஸ் என்ற பெருந்திட்டத்தை முன்னிட்டு 2012 முதலே அந்தக் களம் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தப் பெருந்திட்டத்துக்கும் அரங்கத்துக்கும் அனுமதி வழங்கியது ஒரே அமைப்புதான்: உள்ளூர் வார்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சில கவுன்சிலர்கள் அடங்கிய குழு. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது, அந்த உரிமையின் எல்லை எது என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் நிலச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு 1947இல் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நிலத்தின் உடைமையை அது தொடவில்லை. அந்த நிலத்தில் புதிதாகக் கட்டும் உரிமையையும் பயன்பாட்டை மாற்றும் உரிமையையும் மட்டும் பொது அதிகாரத்தின் கீழ் கொண்டுவந்தது. அன்றிலிருந்து, நிலம் தன்னுடையதே ஆனாலும் அதில் ஒரு வீட்டைக் கட்டவோ கடையை வழிபாட்டு இடமாக மாற்றவோ உரிமையாளர் உள்ளூர் கவுன்சிலிடம் திட்ட அனுமதி பெற வேண்டும். இன்று நடைமுறையில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம் என்றாலும் அடித்தளம் அதேதான். பல நாடுகளில் மண்டல வரைபடம் ஒன்று இருக்கும். அதில் குறிப்பிட்ட உயரத்துக்கும் பயன்பாட்டுக்கும் உட்பட்டுக் கட்டினால் அனுமதி கிடைப்பது ஏறக்குறைய உறுதி. இங்கிலாந்தில் அப்படி இல்லை. வகுக்கப்பட்ட திட்டத்தோடு பொருந்தும் கட்டடத்துக்கும் அனுமதி மறுக்கப்படலாம். பொருந்தாத கட்டடத்துக்கும் அனுமதி கிடைக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் தனியாகச் சீர்தூக்கப்படுகிறது. யாராவது உட்கார்ந்து சீர்தூக்க வேண்டும் என்பதால்தான் குழு தேவைப்படுகிறது. சென்னையில் பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சி.எம்.டி.ஏ. அலுவலகத்தின் வழியாகவே நடக்கிறது. வார்டு கவுன்சிலர்கள் பொதுமக்கள் முன்னிலையில் கூடி வாக்களித்து ஒரு கட்டடத்தின் விதியைத் தீர்மானிக்கும் காட்சி நம் ஊர்களில் இல்லாதது என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு சற்றுப் புதிதாகவே தோன்றும்.

குழு எல்லா விண்ணப்பங்களையும் பார்ப்பதில்லை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைக் கவுன்சிலின் திட்டமிடல் அலுவலர்களே, அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின்படி, தீர்த்துவிடுகிறார்கள். பின்கட்டை நீட்டுதல், மாடியறை சேர்த்தல், கடையின் பெயர்ப்பலகை போன்றவை குழுவின் மேசைக்கு வருவது அரிது. எவை குழுவுக்கு வர வேண்டும் என்பதை இதுவரை ஒவ்வொரு கவுன்சிலும் தன் அமைப்பு விதியில் எழுதிவைத்திருக்கிறது. 10 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்கள், கவுன்சிலே விண்ணப்பதாரராக இருப்பவை, கவுன்சிலரோ அலுவலரோ சம்பந்தப்பட்டவை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்சேபம் வந்தவை, வார்டு கவுன்சிலர் எழுத்துமூலம் கோரியவை ஆகியன பொதுவாக அந்தப் பட்டியலில் இருக்கும். குழுவின் இடங்கள் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிரப்படுகின்றன. ஆனால் கவுன்சிலின் தலைவரும் அவருடைய நிர்வாகக் குழுவும் நிர்வாகம் என்ற முறையில் ஒரு விண்ணப்பத்தைத் தீர்மானிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படி இங்கே வாக்களிப்பது தவறு என்பதும் நெடுநாள் மரபு.

விண்ணப்பம் பதிவானதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிறிய விண்ணப்பங்களுக்கு 8 வாரம், பெரியவற்றுக்கு 13 வாரம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படுபவற்றுக்கு 16 வாரம் என்பது சட்டம் வகுத்த காலம். அதற்குள் முடிவு வராவிட்டால், தாமதத்தையே காரணமாகக் காட்டி விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். நடைமுறையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு காலத்தை நீட்டிப்பதே அதிகம். அண்டை வீடுகளுக்குக் கடிதமோ இடத்தருகே அறிவிப்புத்தாளோ போகிறது. பெரிய விண்ணப்பங்களுக்கு நாளிதழ் விளம்பரமும் உண்டு. கருத்துச் சொல்லக் கிடைப்பது பொதுவாக 21 நாள். அதே வேளையில் நெடுஞ்சாலைத் துறை, வெள்ளத்தடுப்புக்குப் பொறுப்பான அமைப்பு, பாரம்பரியத் துறை எனத் தேவைக்கேற்பப் பல நிறுவனங்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது.

இவை அனைத்தையும் திரட்டி, விண்ணப்பத்துக்குப் பொறுப்பான அலுவலர் எழுதும் அறிக்கைதான், என் பார்வையில், இந்த நடைமுறை முழுவதிலும் மிக முக்கியமான ஆவணம். இடத்தின் வரலாறு, முந்தைய அனுமதிகள், பொருந்தும் கொள்கைகள், வந்த ஆட்சேபங்களின் சுருக்கம், அலுவலரின் மதிப்பீடு, முடிவில் ஒரு பரிந்துரை, அனுமதி என்றால் அதற்கான நிபந்தனைகள் என்று அது விரிகிறது. கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து முழு நாள்களுக்கு முன் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பிறகு வழக்கு ஏதேனும் எழுந்தால் நீதிமன்றம் முதலில் வாசிப்பது இந்த அறிக்கையைத்தான். குழு அதன் பரிந்துரையை ஏற்றுக்கொண்டால், அதில் உள்ள காரணங்களே குழுவின் காரணங்கள் என்று நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்கிறது. ஆட்சேபம் தெரிவிப்போர் பலரும் கூட்டத்தில் பேசப்போகும் மூன்று நிமிடத்துக்காக உழைக்கிறார்கள். அந்த உழைப்பைச் சில வாரங்களுக்கு முன்பே, அறிக்கை எழுதப்படும் கட்டத்தில், அலுவலரின் கண்ணில் படும்படியான ஓர் ஒழுங்கான கடிதத்தில் செலவிட்டிருந்தால் பலன் அதிகமாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கடிதத்தில் எதை எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானோர் வழிதவறுகிறார்கள். 2004ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டாயக் கொள்முதல் சட்டத்தின் 38(6)ஆம் பிரிவு சொல்வது இது: பொருட்படுத்தத்தக்க பிற காரணிகள் வேறுவிதமாகச் சுட்டினாலன்றி, முடிவு வளர்ச்சித் திட்டத்துக்கு இணங்கவே இருக்க வேண்டும். வளர்ச்சித் திட்டம் என்பது கவுன்சில் பல ஆண்டுகள் உழைத்து, அரசு நியமிக்கும் ஆய்வாளரின் விசாரணைக்கு உட்படுத்தி, இறுதியில் ஏற்றுக்கொள்ளும் உள்ளூர்த் திட்டத்தையும் அதைச் சார்ந்த ஆவணங்களையும் குறிக்கும். பொருட்படுத்தத்தக்க காரணிகள் என்பவை நிலத்தின் பயன்பாட்டோடு தொடர்புடையவை: அண்டை வீட்டின் வெளிச்சம் குறைவது, படுக்கையறைக்குள் பார்வை விழுவது, ஓசை, சாலைப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், மரங்கள், கட்டடத்தின் வடிவம், பாரம்பரியச் சின்னத்துக்கு நேரும் தீங்கு, வீடுகளின் தேவை, 2012 முதல் அரசு வெளியிட்டுப் பல முறை திருத்திவரும் தேசியத் திட்டமிடல் கொள்கை. தன் வீட்டின் விலை குறையும், சன்னலிலிருந்து தெரிந்த வயல்வெளி மறையும், வரப்போகும் கடை தன் கடைக்குப் போட்டியாகும், விண்ணப்பதாரர் நல்லவர் அல்லர், எல்லைச் சுவர் தனக்குச் சொந்தம் என்பவை எதுவும் இதில் சேராது. மனித மனத்துக்கு மிகவும் வலிக்கும் இழப்புகளில் சில இப்படிச் சட்டத்தின் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அதை அறியாமல் மனம் விட்டு எழுதப்பட்ட கடிதங்களை, பொருட்படுத்தத்தக்கவை அல்ல என்ற ஒற்றை வரியோடு அறிக்கை கடந்துபோவதைக் காண்பது வருத்தம் தருகிறது.

எண்ணிக்கைக்கும் இதே விதிதான். ஆயிரம் கையெழுத்துகள் ஒரு விண்ணப்பத்தைக் குழுவின் மேசைக்குக் கொண்டுவரலாம். அதைத் தோற்கடிக்கும் காரணமாக அந்த எண்ணிக்கையே அமையாது. அந்தத் தெருவின் வடிகால் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்று ஒருவர் படத்தோடும் தேதியோடும் எழுதினால், எழுதியவர் ஒருவரே என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. இது வாக்கெடுப்பு அல்ல என்பதை ஏற்றுக்கொள்வது கடினம்தான். தேர்தலில் வென்ற கவுன்சிலர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, பெரும்பான்மை மக்களின் விருப்பத்துக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த இருக்கையில் அவர்கள் தங்கள் வார்டின் குரலாக அமர்வதில்லை. சட்டம் கேட்கும் கேள்விக்கு விடை சொல்பவர்களாக அமர்கிறார்கள்.

லண்டன் தமிழர்களுக்கு இந்தச் சட்டத்தின் ஒரு கூறு நேரடி அனுபவமாகவே தெரிந்திருக்கும். விம்பிள்டன், மேற்கு ஈலிங் போன்ற இடங்களில், முன்பு கிறித்தவ வழிபாட்டுக் கூடங்களாக இருந்த கட்டடங்களில் நம் கோயில்கள் அமைந்திருக்கின்றன. திட்டமிடல் சட்டம் பார்ப்பது பயன்பாட்டை மட்டுமே. வழிபடப்படும் தெய்வம் எது என்று அது கேட்பதில்லை. எனவே தேவாலயம் கோயிலாவது பொதுவாக ஒரே பயன்பாட்டு வகுப்புக்குள் நடக்கும் மாற்றம். அதற்குப் புதிய அனுமதி தேவைப்படாது. ஒரு கிடங்கையோ கடையையோ கோயிலாக்க வேண்டுமானால் பயன்பாட்டு மாற்றத்துக்கான விண்ணப்பம் கட்டாயம். அப்போது எழும் கேள்விகள் தேர்நாளன்று வண்டிகள் எங்கே நிற்கும், மேளமும் ஒலிபெருக்கியும் எத்தனை மணி வரை ஒலிக்கும், தொழிலுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை ஊர் இழக்கலாமா என்பவையாக இருக்கும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இந்த முடிவு ஒரு மதச் சமூகத்தை எப்படிப் பாதிக்கும் என்பதையும் கவுன்சில் உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறது. இத்தகைய விண்ணப்பங்களில், திருவிழா நாள்களுக்கான போக்குவரத்து ஏற்பாட்டை முதலிலேயே எழுதி இணைப்பவர்கள் பாதித் தடையைத் தாண்டிவிடுகிறார்கள்.

காரணிகள் எவை என்பது சட்டத்தின் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தருவது என்பது முடிவெடுப்பவரின் கேள்வி. இந்தப் பிரிவினைதான் முழு முறையின் அச்சு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் விட்னி நகரில், பேரங்காடி ஒன்றுக்கு அனுமதி கேட்ட டெஸ்கோ நிறுவனம், நகருக்குத் தேவைப்பட்ட இணைப்புச் சாலையின் முழுச் செலவான 66 லட்சம் பவுண்டைத் தானே தருவதாகச் சொன்னது. அரசின் அமைச்சர் அந்த வாக்குறுதிக்கு மிகக் குறைந்த எடையே தந்து விண்ணப்பத்தை நிராகரித்தார். 1995இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அமைச்சரின் பக்கம் நின்றார்கள். ஒரு காரணியைக் கண்டுகொள்ளாமல் விடுவது சட்டப்பிழை. கண்டுகொண்டபின் அதற்கு எவ்வளவு எடை என்பது, பகுத்தறிவுக்குப் புறம்பாக இல்லாத வரையில், நீதிமன்றம் தலையிடும் விஷயம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

லிவர்பூலில் நடந்ததும் அப்படிப்பட்ட ஒரு சீர்தூக்கலே. பாரம்பரிய மதிப்புக்காக அரசு பட்டியலிட்டுள்ள கட்டடங்களைப் பாதுகாப்பதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் கட்டளையிடுகிறது. அத்தகைய தீங்குக்குக் கணிசமான எடை தர வேண்டும் என்று நீதிமன்றங்கள் வலியுறுத்தியிருக்கின்றன. ஆனால் அந்தத் தீங்கை விஞ்சும் பொதுநன்மை இருந்தால் அனுமதிக்கலாம் என்ற கதவைத் தேசியக் கொள்கை திறந்தே வைத்திருக்கிறது. வட லிவர்பூல் நாட்டிலேயே மிக வறிய பகுதிகளுள் ஒன்று. பல ஆண்டுகளாகப் பயனின்றிக் கிடந்த துறைமுகக் கரைக்கு முதலீடும் வேலையும் வரும் என்பது ஒரு பக்கம். ஒருமுறை தூர்த்தால் மீட்க முடியாத நீர்ப்பரப்பும், ஓர் உலகப் பட்டமும் மறுபக்கம். குழு முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. அரங்கம் 2025இல் திறக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் நேர்மையானவர்கள் இரு பக்கமும் நிற்க முடியும். அது சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. யுனெஸ்கோவின் எச்சரிக்கை முன்னால் இருந்தது, அதைக் குழு அறிந்தே எடைபோட்டது. இந்த அமைப்பின் வலிமையும் அபாயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: மிகப் பெரிய இழப்பைக்கூட, கண் திறந்து, காரணம் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் உரிமை உள்ளூர்ப் பிரதிநிதிகளுக்கு உண்டு.

கூட்டம் பெரும்பாலும் கவுன்சில் மாளிகையில், மாலையிலோ பகலிலோ, பொதுமக்கள் முன்னிலையில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி படம் பிடிக்கவும் செய்யலாம். முதலில் உறுப்பினர்கள் தங்களுக்குள்ள நலத்தொடர்புகளை அறிவிக்கிறார்கள். வெளிப்படுத்த வேண்டிய பொருளாதாரத் தொடர்பை மறைத்து வாக்களிப்பது 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி குற்றம். இந்தக் கடுமைக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. நியூகாசில் நகரை மாற்றியமைத்த தலைவர் என்று புகழப்பட்ட டி. டான் ஸ்மித், கட்டடக் கலைஞர் ஜான் பவுல்சனிடம் கையூட்டு வாங்கிய குற்றத்துக்காக 1974இல் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். டோன்காஸ்டர் கவுன்சிலில் திட்டமிடல் குழுத் தலைவராக இருந்த ஒருவர் 2002இல் சிறை சென்றார். ஒரு வயலின் மீது எழுதப்படும் ஒற்றை அனுமதி அதன் விலையைப் பல மடங்கு உயர்த்திவிடக்கூடியது என்பதால், இந்தக் குழுவின் மீது வைக்கப்படும் கண்காணிப்பு ஒருபோதும் மிகையாகாது.

நலத்தொடர்பு இல்லாவிட்டாலும், முன்கூட்டியே மனத்தை மூடிக்கொண்டு வருவது தவறு. இந்தத் திட்டத்தை எப்பாடுபட்டாவது தடுப்பேன் என்று தேர்தலில் வாக்குறுதி தந்தவர் குழுவில் அமரலாமா என்ற கேள்வி பல காலம் கவுன்சிலர்களை வாய்திறக்க முடியாமல் வைத்திருந்தது. ரெட்கார் கடற்கரைத் திட்டம் தொடர்பான 2008ஆம் ஆண்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியல்வாதிகளுக்கு முன்சாய்வு இருப்பது இயல்பு, மூடிய மனம்தான் பிழை என்று தெளிவாக்கியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் உறுதிசெய்து, முன்பு ஒரு கருத்தைச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து அவர் மனம் மூடியிருந்ததாகக் கொள்ளக் கூடாது என்றது. இது நல்ல திருத்தம். மக்களோடு பேசவே அஞ்சும் கவுன்சிலரைவிட, பேசிவிட்டுத் திறந்த மனத்தோடு வந்து கேட்பவர் மேல்.

அலுவலர் திட்டத்தை விளக்குகிறார். எதிர்ப்பவர், விண்ணப்பதாரர், வார்டு கவுன்சிலர் ஆகியோர் பேசுகிறார்கள். பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம் அல்லது அதையொட்டிய நேரம். பிறகு உறுப்பினர்கள் கேள்வி கேட்டு விவாதிக்கிறார்கள். ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய, கைகளை உயர்த்தி வாக்களிக்கிறார்கள். வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. இடத்தை நேரில் பார்க்கவோ கூடுதல் தகவல் பெறவோ ஒத்திவைக்கவும் செய்யலாம். குழுவின் அருகே சட்ட ஆலோசகர் அமர்ந்திருப்பார். விவாதம் சட்டத்துக்குப் புறம்பான காரணங்களை நோக்கிச் சரியும்போது அதை நிறுத்துவது அவர் வேலை.

குழு அலுவலரின் பரிந்துரைக்கு எதிராகப் போகலாம். ஆனால் அந்த வழி எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்குத்தானது. மறுத்தால், காரணங்களைத் துல்லியமாக எழுத்தில் தர வேண்டும். விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள், வீட்டு நீட்டிப்பு போன்றவற்றில் 12 வாரத்துக்குள், மத்திய அரசின் திட்டமிடல் ஆய்வாளர் அமைப்பிடம் மேல்முறையீடு செய்வார். அங்கே ஓர் ஆய்வாளர் முழு விண்ணப்பத்தையும் புதிதாகப் பார்க்கிறார். கவுன்சிலின் மறுப்புக்கு ஆதாரமே இல்லை என்று கண்டால் எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சிலே ஏற்க நேரும். பெரிய விண்ணப்பங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேல்முறையீட்டில் தோற்கும் கவுன்சிலை அரசு தனியாகக் குறித்து, அங்குள்ள விண்ணப்பதாரர்கள் விரும்பினால் நேராக அமைச்சரிடமே போகும்படி செய்யவும் முடியும். இந்த நிழலில்தான் குழு உறுப்பினர்கள் கை உயர்த்துகிறார்கள். மறுக்க மனமிருந்தும் தயங்குவதைக் கோழைத்தனம் என்று வசைபாடுவது எளிது. ஆனால் தோற்றால் போகும் பணம் முதியோர் பராமரிப்புக்கும் நூலகங்களுக்குமான அதே கருவூலத்திலிருந்துதான் போகிறது.

பரிந்துரைக்கு எதிராக அனுமதித்தால் வரும் சிக்கல் வேறுவகை. டோவர் நகரை ஒட்டிய கென்ட் டவுன்ஸ், சிறப்பான இயற்கை அழகுக்காகப் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு. அங்கே ஃபார்திங்லோ என்ற இடத்தில் 521 வீடுகள் கட்டும் திட்டம் வந்தபோது, அவற்றை 365ஆகக் குறைக்க வேண்டும் என்று அலுவலர்கள் ஆழமான காரணங்களோடு பரிந்துரைத்தார்கள். 2013 ஜூனில் குழு அதைத் தள்ளிவிட்டு முழு எண்ணிக்கைக்கும் அனுமதி தந்தது. ஏன் என்பதை எவரும் பின்னால் அறிந்துகொள்ளும்படி பதிவு செய்யவில்லை. ஊரகப் பாதுகாப்பு இயக்கமான சி.பி.ஆர்.இ.யின் கென்ட் கிளை வழக்குத் தொடுத்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி ரத்தானதை உறுதிசெய்தது. அலுவலரின் கருத்தை மீறி, வளர்ச்சித் திட்டத்திலிருந்து பெரிதும் விலகி, மக்களின் கடும் எதிர்ப்புக்கிடையே ஒரு முடிவு எடுக்கப்படும்போது, அதற்கான காரணத்தைச் சொல்வது நியாயத்தின் பாற்பட்ட கடமை என்று அது விளக்கியது. தோற்றவருக்கும் தான் ஏன் தோற்றேன் என்று அறியும் உரிமை உண்டு என்பதை நிலைநிறுத்திய இந்தத் தீர்ப்பை, கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையில் வந்த மிக மனிதத்தன்மை கொண்ட தீர்ப்பாக நான் மதிக்கிறேன்.

அதேசமயம், தோற்றவர் அண்டை வீட்டார் என்றால் அவருக்கு மேல்முறையீடே கிடையாது. விண்ணப்பதாரருக்கு இருக்கும் அந்த வழி எதிர்ப்பவருக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி வெளியான நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோருவது ஒன்றே எஞ்சுகிறது. அங்கேயும் நீதிபதி முடிவெடுத்த முறையைத்தான் பார்ப்பார், முடிவு நல்லதா என்பதைப் பார்க்க மாட்டார். இந்தச் சமமின்மை 1947 முதல் நீடிக்கிறது. அதை நியாயப்படுத்தப் பல வாதங்கள் உண்டு. எனக்கு அவற்றில் எதுவும் நிறைவளித்ததில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய திட்டங்கள் ஊரின் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் சுமையைக் கூட்டுகின்றன. எனவே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் கட்டுநர் கவுன்சிலோடு ஒப்பந்தம் செய்து, குறைந்த வாடகை வீடுகளையோ பணத்தையோ தருகிறார். ஆனால் தரப்படுவது அந்தத் திட்டம் உண்டாக்கும் விளைவோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். க்ளோஸ்டர்ஷயரின் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் பகுதியில், ஒற்றைக் காற்றாலை அமைக்க விரும்பிய நிறுவனம் தன் வருவாயில் 4 சதவீதத்தை உள்ளூர் மக்களுக்கு அளிப்பதாகச் சொன்னது. கவுன்சில் அதையும் கணக்கில் கொண்டு அனுமதித்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது பொருட்படுத்தத்தக்க காரணி அல்ல என்று தீர்ப்பளித்து, அனுமதி செல்லாது என்றது. நல்ல நோக்கத்துக்கான பணமாக இருந்தாலும், அனுமதி விலைக்கு வாங்கப்படும் பொருளாகிவிடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் குழுவின் கை ஓரளவு சுதந்திரமாக இருக்கும் நிலை. அந்தச் சுதந்திரமே சுருங்கும் ஒரு நிலையும் உண்டு. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான வீடுகளைக் கட்டப் போதிய நிலம் இருப்பதைக் கவுன்சில் காட்ட முடியாவிட்டால், அதன் திட்டத்தின் முக்கியக் கொள்கைகள் காலாவதியானவையாகக் கருதப்படும். அப்போது, தீமைகள் நன்மைகளைவிடக் கணிசமாகவும் தெளிவாகவும் மிகுந்திருந்தாலன்றி அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் கொள்கை தராசை முன்பே சாய்த்துவைக்கிறது. ஊர் ஓரத்து வயலில் 200 வீடுகள் வேண்டாம் என்று மக்கள் திரண்டு வந்து, குழுவும் மறுத்து, பின்னர் ஆய்வாளர் அனுமதிக்கும் கதைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த வயலின் கதி, உள்ளூர்த் திட்டத்தைப் புதுப்பிக்காமல் கவுன்சில் தள்ளிப்போட்ட ஆண்டுகளிலேயே தீர்மானமாகிவிட்டது. திட்டம் எழுதப்படும்போது கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு வருபவர்கள் மிகக் குறைவு; அப்போது எல்லாம் வரைபடத்தில் ஒரு வண்ணத் திட்டாக மட்டுமே தெரிகிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் மக்களே சுற்றுப்புறத் திட்டம் ஒன்றை எழுதி, வாக்கெடுப்பில் நிறைவேற்றி, வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாக்கும் வழியைத் தந்திருக்கிறது. குழுவின் முன் நிற்கும் மூன்று நிமிடத்தில் கிடைக்காத வலிமை அந்த வழியில் கிடைக்கிறது.

இப்போது இந்த அமைப்பே மாறிக்கொண்டிருக்கிறது. 15 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு வந்த தொழிற்கட்சி அரசு 2025இல் கொண்டுவந்த திட்டமிடல், உள்கட்டமைப்புச் சட்டம், எந்த விண்ணப்பம் அலுவலரிடமே முடிய வேண்டும், எது குழுவுக்கு வரலாம் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே விதியாக வகுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. குழுவின் அளவை ஒழுங்குபடுத்தவும், உறுப்பினர்கள் பயிற்சி பெறாமல் வாக்களிக்க முடியாது என்று விதிக்கவும் அதில் இடமுண்டு. பயிற்சி கட்டாயமாவதை வரவேற்கிறேன். டோவரில் நடந்தது போன்றவை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, சட்டம் தங்களிடம் எதைக் கேட்கிறது என்பது தெரியாததால் நேர்பவை. ஆனால் வார்டு கவுன்சிலர் ஒருவர் ஒரு சிறிய விண்ணப்பத்தைக் குழுவின் முன் கொண்டுவரும் உரிமையைக் குறைப்பது வேறு விஷயம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒரு தெருவாசி, தன் வாழ்க்கையை நேரடியாகப் பாதிக்கும் முடிவு எடுக்கப்படும் அறையில் எழுந்து நின்று பேச அந்த உரிமைதான் பல ஊர்களில் ஒரே வழியாக இருந்துவந்திருக்கிறது. விதிகளை வரையும் அமைச்சகம் குறைந்தபட்சம், நிபந்தனையோடு கூடிய ஒரு கோரிக்கை வழியையாவது அவருக்காக விட்டுவைக்க வேண்டும்.